நுரை காயப் பேசியவர்

அவர் என் கடை நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு முகத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். அடர்ந்த தாடி என்று நினைத்துவிட வேண்டாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்த தாடிதான். வாய் திறக்காத மனிதராக இருந்தால் பத்து நிமிஷத்தில் மழித்து அனுப்பிவிடலாம். இவருக்கு நுரை பூசிக் கத்தியைக் கன்னத்துக்குக் கொண்டு போவேன், அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் மேலே எழும்பும். விரல் எழும்பினால் பேசப்போகிறார் என்று பொருள். நான் கத்தியைப் பின்னால் வாங்கிக்கொண்டு நிற்பேன். ஜனப் பிரதிநிதித்துவம், பொறுப்பாட்சி, சீமையில் கூலிக்காரன்கூட எப்படி ஓட்டுப் போடுகிறான், நம் ஜனங்கள் ஏன் இப்படி உறங்கிக் கிடக்கிறார்கள் என்று வரிசையாக வரும். அதற்குள் நுரை காய்ந்து கன்னத்தில் பொருக்காகிவிடும். மறுபடி குழைத்துப் பூசுவேன். ஒரே முகத்துக்கு மூன்று தடவை சோப்புக் குழைத்தது என் தொழிலில் அவர் ஒருவருக்குத்தான்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயர் சொல்லும்படி அவர் ஒன்றும் செய்யவில்லை என்பது ஒரு காரணம். அவரைப் போல அப்போது ஊருக்கு நாலைந்து பேர் இருந்தார்கள் என்பது இன்னொன்று. பி.ஏ. பாஸ் பண்ணிவிட்டு வந்திருந்தார். வயது இருபத்தாறு இருக்கும். என்ன வேலை பார்க்கப்போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "ஆலோசிச்சிட்டு இருக்கேன்" என்பார். காலையில் வாசகசாலை, பிறகு என் கடை, சாயங்காலம் மறுபடி வாசகசாலை. எனக்கு அவரைவிடப் பத்து வயது மூப்பு. ஆனாலும் நான் அவருக்கு "ஏலே", அவர் எனக்கு "ஏமான்". அந்தக் காலத்தில் நாவிதனுக்கு அதுதான் வழக்கம். அதில் அவரைத் தனியாகக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அன்று திருவிதாங்கூரில் எல்லோருக்கும் ஓட்டுக் கிடையாது. இவ்வளவுக்கு மேல் வரி கட்டுகிறவர்களுக்கு உண்டு. பட்டம் வாங்கியவர்களுக்கு அந்தப் படிப்புக்காகவே உண்டு. நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களில் நிலமெல்லாம் காரணவர், அதாவது குடும்பத் தலைவரான மாமா பேரில் கிடக்கும். சகோதரி பிள்ளைகளான மருமகன்மாருக்கு வரிச் சீட்டும் இல்லை, ஓட்டும் இல்லை. இவர் பட்டம் வாங்கியிருந்ததால் மாமாவுக்குச் சமமாக இவருக்கும் ஒரு ஓட்டு வந்து சேர்ந்தது. எனக்கு இல்லை. என் தெருவில் ஒருவருக்கும் இல்லை. ஆகவே ஓட்டு உள்ளவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்பதை நாங்கள், பசித்தவன் பக்கத்து இலையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் இலையில் வைத்ததைத் தொடவே இல்லை.

ஒரு தடவை நிற்கிற இருவருக்கும் தகுதி போதாது என்றார். ஒருவருக்கு இங்கிலீஷ் தெரியாதாம், மற்றவருக்கு இங்கிலீஷைத் தவிர ஒன்றும் தெரியாதாம். "தகுதி இல்லாதவனுக்கு ஓட்டுப் போட்டா குறச்சல் நம்ம ஓட்டுக்குத்தான், கேட்டியா?" அடுத்த தடவை மழை தூறியது, காலில் புது ஷூ. அதற்கடுத்த தடவை ஓட்டுச்சாவடி வாசல்வரைக்கும் போய்விட்டார். அங்கே வரிசையில் அவருடைய மாமாவின் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற பாட்டக்காரன் ஒருவன் முன்னால் நின்றான். அவனும் கொஞ்சம் நிலம் வாங்கி வரி கட்டுகிறவன்தான். "அவன் முதுகைப் பாத்துக்கிட்டு நான் நிக்கவா?" என்று திரும்பி வந்துவிட்டார். வந்தவர் நேராக என் கடைக்கு வந்து, சமத்துவத்தைப் பற்றி அன்று வந்த பத்திரிகைத் தலையங்கத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

எல்லாவற்றுக்கும் கடைசியில், நாம் ஒருவர் போய்த்தான் ஆகப்போகிறதா என்ற பொருளில், அவர் சொல்வது ஒன்றுதான்: "நம்ம ஒராளு போயித்தானா?" கடை பெஞ்சில் அவருடைய சேக்காளிகள் நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். படித்த பிள்ளைகள், நாலு பேருக்கும் ஓட்டு உண்டு. அவர்களும் தலையை ஆட்டி, "பின்னே? நம்ம ஒராளு போயித்தானா?" என்பார்கள். ஐந்து பேர் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொருவரும் தான் ஒரே ஒரு ஆள்தான் என்று சொல்வதைக் கேட்க எனக்குச் சிரிப்பு வரும். சிரிக்க முடியாது. வார்த்தோலில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "ஏமானே, உங்களுக்கு வேண்டாம்னா அந்த ஓட்டை எனக்குத் தந்துரப்படாதா?"

அவர் சிரித்த சிரிப்பில் கத்தி பட்டுத் தாடையில் ரத்தம் வந்துவிட்டது. படிகாரக் கட்டியை நனைத்து ஒற்றினேன். சிரிப்பு அடங்கவில்லை. "ஏலே, ஓட்டுன்னா என்னாண்ணு நினைச்சே? பழைய வேட்டியா, தூக்கித் தாறதுக்கு?" என்றார். எங்களுக்கு நல்லநாளில் பழைய வேட்டி தருவது அவர்கள் வழக்கம். பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். பழைய வேட்டியைக்கூட ஒருநாளாவது உடுத்த பிறகுதானே தருவார்கள் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தோன்றியதே வீட்டுக்குப் போன பிறகுதான்.

இனி எங்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் கிணறு கிடையாது. சானல் என்கிற வாய்க்கால் தண்ணீர்தான். மேலே மாடு குளிப்பாட்டுவார்கள், துணி அலசுவார்கள். கீழே நாங்கள் குடத்தை முக்குவோம். நல்ல தண்ணீர் வேண்டுமானால் மேலத்தெருக் கிணற்றடிக்குப் போய்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு எட்ட நிற்க வேண்டும். கிணற்றைத் தொடக் கூடாது. அந்தத் தெருப் பெண்களில் மனம் இரங்கிய யாராவது கோரி ஊற்றினால் உண்டு. என் பெண்டாட்டி செல்லம் காலையில் போனால் சில நாள் உச்சிக்குத்தான் வருவாள். ஐப்பசி மழை பிடித்தால் கிணற்றடியில் போய் நிற்கவும் முடியாது, சானல்தான் கதி. மழையோடு பேதியும் வரும். எங்கள் மூத்த பையனை அப்படித்தான் பறிகொடுத்தோம்.

அந்தச் சமயத்தில் நகரசபைத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டுக்குப் பென்ஷன் வாங்கிய ஓவர்சியர் ஒருவர் நின்றார். எதிர்த்து நின்றவர் வண்டிகள் வைத்துத் தொழில் நடத்துகிறவர். எங்கள் தெருக் கோடியில் இருந்த புறம்போக்கை வண்டிப்பேட்டை ஆக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஓவர்சியர் அதே புறம்போக்கில் கிணறு வெட்டித் தருகிறேன் என்றார். ஓட்டு இல்லாத எங்கள் தெருவுக்கு அவர் எதற்கு வந்தார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. வந்தார். நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்து ஓரிடத்தில் ஒரு பூவரசங் கம்பை ஊன்றினார். "பதினஞ்சு அடியில தண்ணி கெடக்கு. நான் செயிச்சா சித்திரையில வெட்டிரலாம்" என்றார். அன்றிலிருந்து செல்லம் தினமும் போய் அந்தக் கம்பைப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு நாள் அது துளிர்த்திருக்கிறது என்று வந்து சொன்னாள்.

ஓட்டு நாளன்று சர்க்கார் கச்சேரிகளுக்கு விடுமுறை. சேக்காளிகள் நாலு பேரும், ஊரெல்லாம் லீவாச்சே என்று, கடல் பார்க்க வட்டக்கோட்டைக்குக் கிளம்பினார்கள். என் கடை வாசலில்தான் வண்டியில் ஏறினார்கள். இவர் மட்டும் போகவில்லை. "நீங்க போங்கோ. நான் இந்தத் தடவை ஓட்டுப் போடப்போறேன். ஓவர்சியருக்குத்தான். கிணறுன்னா நியாயமான காரியம்லா?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நாள் மனதுக்குள் அவரை ஏசியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முகம் செரை. ரெண்டு நாள் தாடியோட எப்படிப் போறது? ஓட்டு எடுக்க வந்திருக்க ஆபீசர் என்கூடப் படிச்சவன்."

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சவரம் செய்துகொண்டால் குளிக்கிற வரைக்கும் தீட்டு. ஒன்றையும் தொடக் கூடாது, நாலு பேர் கூடிய இடத்துக்குப் போகக் கூடாது. சாஸ்திரமெல்லாம் மூடத்தனம் என்று இதே நாற்காலியில் நுரை காயப் பேசியவர்தான். ஆனால் சவரம் செய்த முகத்தோடு ஆற்றுப் படித்துறைக்குப் போகாமல் வீட்டு நடை ஏறியதில்லை. குளிப்பென்றால் எண்ணெய் தேய்த்த குளிப்பு. குளித்தால் உடனே சாப்பாடு. சாப்பிட்டால் உறக்கம். இவ்வளவும் எனக்குத் தெரியும். 'ஓட்டைப் போட்டுட்டு வாங்கோ, பொறவு செரைக்கேன்' என்கிற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவரிடம் அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வேகமாகச் செய்து அனுப்பிவிடலாம் என்று சோப்பைக் குழைத்தேன்.

விரல் எழும்பியது. அன்று விஷயம் ஓட்டின் மகிமை. இரண்டாம் தடவை நுரை பூசினேன். மறுபடி விரல். மூன்றாம் தடவை பூசும்போது, "ஏமானே, நேரம் போவுது" என்று மெல்லச் சொன்னேன். "அஞ்சு மணி வரைக்கும் உண்டும்லா? நீ பதறாதே" என்றார். பன்னிரண்டரைக்கு எழுந்து கண்ணாடியில் இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்துவிட்டுப் படித்துறைக்குப் போனார்.

ஐந்தரைக்கு நெற்றியில் சந்தனமும் தோளில் நேரியலுமாகக் கடை வழியே வந்தார். முகம் உறங்கி எழுந்த முகம்.

"அடச்சுட்டானுவளா? இம்புட்டு வேகமாவா? செத்த நேரம் கண்ணசந்தேன், பாத்துக்கோ. போட்டும் போ. நம்ம ஒராளு போயித்தானா?"

மறுநாள் முடிவு சொன்னார்கள். ஓவர்சியர் மூன்று ஓட்டில் தோற்றார். என் கடை பெஞ்சில் ஐந்து ஓட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தது.

வீட்டில் செல்லம் ஒன்றும் அழவில்லை. எல்லாவற்றையும் கேட்டாள். யார் யார் வட்டக்கோட்டைக்குப் போனார்கள், இவர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு எழுந்து போனார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு, "நீங்க என்னத்துக்கு அவருக்குச் செரச்சிய? அன்னைக்கு ஒருநாளு முடியாதுன்னு சொல்லப்படாதா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். இத்தனை வருஷமாக அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பொங்குகிற வெறுப்பில் ஒரு பங்கு என்மேல்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

துளிர்த்த கம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கே வண்டிமாடுகளைக் கட்டினார்கள். அந்த ஐப்பசியில் மறுபடி பேதி வந்தது. எங்கள் சின்ன மகளுக்கு மூன்று வயது. காலையில் விளையாடிக்கொண்டிருந்தாள், பொழுது சாயும்போது இல்லை.

பதினாறாம் நாள் கழிந்து கடையைத் திறந்தேன். முதல் ஆளாக அவர்தான் வந்தார். "கேள்விப்பட்டேன். கஷ்டம்தான். நம்ம ஜனங்களுக்குச் சுகாதார அறிவு இல்லை, பாத்துக்கோ" என்றார். நான் நுரையைக் குழைத்தேன். அன்று சாயங்காலம் வாசகசாலையில் அவருடைய பிரசங்கம். நோட்டீஸ் அடித்திருந்தார்கள். தலைப்பு, 'வாலிபரும் ஓட்டும்'. என் நாற்காலியில் உட்கார்ந்து அதை ஒரு தடவை பேசிப் பார்த்துக்கொண்டார்.

"நம்ம ஊர்ல வாலிபன்மாரு பாதிப்பேரு ஓட்டுப் போடப் போறதில்லை. எவ்வளவு பெரிய வெக்கக்கேடு! இதைக் கேக்க ஆளு இல்லை!"

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கேலிக்குச் சொல்கிறாரோ என்று உதட்டைப் பார்த்தேன். கேலி இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த வாலிபன்மார் யாரோ எங்கேயோ இருக்கிறவர்கள் என்று மனதார நம்பினார். பொய்யன் என்றால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திராது. ஊரில் பொய்யர்களுக்கா பஞ்சம்?

ஒரு நன்றியும் அவருக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் அவரைவிட மட்டமானவன். சில வருஷம் கழித்து ஓட்டுக்கான வரி வரம்பைக் குறைத்தார்கள். என் கடை வரியும் அதற்குள் வந்தது. அதை எனக்கு முதலில் சொன்னவர் அவர். கச்சேரிக்குப் போய்ப் பட்டியலைப் புரட்டி, "ஏலே, உன் பேரு இருக்கு. உன் அப்பன் பேரை மட்டும் தப்பா எழுதிட்டான். அதையும் நான் திருத்திச் சொல்லிட்டேன்" என்று வந்து சொன்னார். அடுத்தவன் ஓட்டுக்காக வெயிலில் அரை மைல் தூரம் நடந்தவர். தன் ஓட்டுக்காகத் தெருவைத் தாண்டாதவர். இதை என்னவென்று சொல்வது!

அடுத்த நகரசபைத் தேர்தலில் ஓவர்சியர் மறுபடி நின்றார். தள்ளாமை வந்துவிட்டது, கையில் ஒரு கம்பு. அந்தக் கம்பையே புறம்போக்கில் ஊன்றிக் காட்டினார். ஓட்டு நாளன்று நான் கடையைத் திறக்கவில்லை. விடியக்காலம் குளித்து, வெளுத்த வேட்டி உடுத்து, ஓட்டுச்சாவடிக்குப் போகிற வழியில் பூட்டின கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்றேன். அப்போது நம் பி.ஏ.க்காரர் தாடியைச் சொறிந்துகொண்டு வந்தார். அந்த வயதிலும் தாடி அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

"ஏலே, கடையை ஏன் பூட்டிப் போட்டிருக்கே?"

"இன்னைக்கு ஓட்டுல்லா, ஏமானே."

"அதுக்கு? திற. முகம் செரச்சுட்டு எனக்கும் போணும்."

"ஓட்டு முடிஞ்ச பொறவுதான் கடை. நீங்களும் போட்டுட்டு வாங்கோ. முதல் ஆளா உங்களுக்குத்தான் செரைப்பேன்."

அவர் என்னையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்காலி எழுந்து நின்று பேசியது போல இருந்திருக்கும் அவருக்கு. "என்னமோ நீ ஒராளு போயித்தான்..." என்று ஆரம்பித்தார். "ஆமா, நான் ஒராளுதான்" என்றேன். கோட்டாற்றில் வேறு கடை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் ஓட்டுச்சாவடிக்குப் போனேன். சீட்டைப் பெட்டிக்குள் போட்டு, அது உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுத்தேன்.

ஓவர்சியர் ஜெயித்தார். சித்திரையில் கிணறு வெட்டினார்கள். பதினைந்து அடியில் அவர் சொன்ன தண்ணீர் வரவில்லை, பாறைதான் வந்தது. பாறையை உடைத்த பிறகு தண்ணீர் பொங்கியது. திறப்புக்குப் பந்தல் போட்டு, பேசுவதற்கு ஆள் தேடினார்கள். நிறுத்தாமல் பேச ஊரில் அவரை விட்டால் யார்? வந்து ஒரு மணி நேரம் பேசினார். ஓட்டின் சக்தியைப் பார்த்தீர்களா, ஒரு ஓட்டு ஒரு குடம் தண்ணீருக்குச் சமம் என்றெல்லாம் விரலைத் தூக்கித் தூக்கிப் பேசினார். கடைசியில், "இந்தக் கிணத்துத் தண்ணியை இந்தத் தெருப் பெண்ணு ஒருத்தி கையால வாங்கி உங்க முன்னால குடிக்கப்போறேன்" என்றார். கை தட்டினார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய காரியம்தான்.

ஓவர்சியர் செல்லத்தைக் கை காட்டினார். அவள் வாளியை விட்டுக் கோரினாள். பேசியவர் மேடையிலிருந்து இறங்கி வந்து, குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாய்க்கு நேரே வைத்துக்கொண்டார். மேலத்தெருக் கிணற்றடியில் அவள் எத்தனையோ நாள் நின்ற நிற்பு எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அவள் வாளியைச் சாய்க்கப் போனவள் நிறுத்தினாள்.

"ஏமான் இந்தக் கிணத்துக்கு ஓட்டுப் போட்டியளா?"

சாப்பிட்டாச்சா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். அவர் குனிந்தபடியே தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்தார். பேச வேண்டுமானால் அவருக்கு விரலைத் தூக்க வேண்டும். இரண்டு கையும் குவிந்திருந்தன.

"அன்னைக்கு... உன் மாப்பிள்ளை கடையைப் பூட்டிப் போட்டான். கோட்டாத்துல ஒரே கூட்டம். தாடியோட எப்படிப் போறது?"

"முந்தின தடவை கடை திறந்துதானே கெடந்துது?" என்றாள் செல்லம்.

சொல்லிவிட்டு வாளியைச் சாய்த்தாள். அவர் போதும் என்று தலையை ஆட்டுகிற வரைக்கும், ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றினாள். அவர் நிமிர்ந்து, நேரியலால் மோவாயைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி கொள்ளாம், நல்ல ருசி" என்றார்.

தண்ணீர் கேட்டு நிற்கிறவருக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு வராது. வாளி என் கையில் இருந்திருந்தால், நான் அதைக் கிணற்றுக்குள்ளேயே கவிழ்த்திருப்பேன்.